எலிக்கு வராத மாதவிடாய்

1910களின் நடுவில், நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துவந்த ஜார்ஜ் பாப்பனிக்கலாவுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. கிரேக்கத்திலிருந்து குடியேறிய அவருக்குக் கினிப்பன்றியின் சினைமுட்டை முதிர்ந்து வெளிவரும் நேரத்தில் அது தேவைப்பட்டது. அந்த நேரம் வந்துவிட்டதா என்பதோ விலங்கை அறுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. பெண்களுக்கு மாதந்தோறும் உதிரம் போகிறதே, கினிப்பன்றிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது ஏதேனும் கசிய வேண்டுமே என்று அவர் யோசித்தார். மூக்கைச் சோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய விரிப்பான் ஒன்றை எடுத்து, கினிப்பன்றிகளின் யோனியிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் திரவத்தை வழித்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். ரத்தம் இல்லை. ஆனால் தகட்டில் படிந்த செல்களின் வடிவம் நாளுக்கு நாள் மாறி, ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பியது. சார்லஸ் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து 1917இல் அவர் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்பால், விலங்கைக் கொல்லாமலே அதன் சினைப்பையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள முடிந்தது.

அந்தத் தகட்டின் பலன்கள் வெகுதூரம் சென்றன. எட்கர் ஆலன் 1922இல் சுண்டெலிக்கும் அதே முறையைப் பொருத்தினார். அடுத்த ஆண்டு அவரும் எட்வர்ட் டாய்சியும் பன்றிகளின் சினைப்பையிலிருந்து எடுத்த திரவத்தை, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தி, தகட்டில் தெரிந்த செல் மாற்றத்தையே சான்றாகக் கொண்டு, சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் இருப்பை நிறுவினார்கள். பாப்பனிக்கலாவோ அதே தடவல் முறையைப் பெண்களிடம் செய்து பார்த்து, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காணும் வழியை ஹெர்பர்ட் டிராட்டுடன் 1941இல் விரிவாக வெளியிட்டார். இன்றும் நம் மருத்துவமனைகளில் செய்யப்படும் பாப் ஸ்மியர் பரிசோதனை அவர் பெயரின் முதல் எழுத்துகளைத் தாங்கி நிற்பது.

ஆனால் அவர் முதலில் தேடிப் போன ரத்தம் அந்த விலங்கில் கிடைக்கவில்லை என்பதைப் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள். கினிப்பன்றிக்கும், சுண்டெலிக்கும், வெள்ளெலிக்கும், முயலுக்கும் மாதவிடாய் கிடையாது. கருப்பையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த நான்கிடமிருந்து வந்தது. ஹார்மோன்களைப் பற்றிக் கேட்டபோது அவை நன்றாகவே பதில் சொல்லின. ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் 1929இல், கருவை ஏற்கக் கருப்பையைத் தயார்செய்யும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனின் வேலையை முயலைக் கொண்டே காட்டினார்கள். உதிரப்போக்கைப் பற்றிக் கேட்க அவற்றிடம் ஒன்றுமே இல்லை. மாதவிடாய் தொடர்பான நோய்களில் மருத்துவம் இவ்வளவு பின்தங்கி இருப்பதற்குச் சமூகக் கூச்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். கூச்சம் உண்மைதான். அதற்குச் சமமான இன்னொரு காரணம், ஆய்வுக்கூடத்தின் கூண்டில் இருந்த விலங்கு எது என்பது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இங்கே மறுப்புச் சொல்லக்கூடும். பெண்நாய்க்கு ரத்தம் வருகிறதே, "நாய்க்கு பீரியட்ஸ்" என்றுதானே நாமே சொல்கிறோம் என்று கேட்கலாம். பசு வளர்ப்பவர்களும் பார்த்திருப்பார்கள்: சினைப் பருவத்தில் கண்ணாடி போன்ற கோழை ஒழுகிய பசுவுக்கு, ஓரிரு நாள் கழித்து அந்தக் கோழையில் ரத்தம் கலந்து வருவதுண்டு. இவை இரண்டும் மாதவிடாய் அல்ல. நாய்க்கு ரத்தம் வருவது சினைமுட்டை வெளிவருவதற்கு முன். ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கருப்பைச் சவ்வின் நுண்குழாய்கள் தளர்ந்து, ரத்த அணுக்கள் கசிகின்றன. பசுவுக்குப் பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது அப்படிக் கசிகிறது. சவ்வு அங்கேயே இருக்கிறது. மாதவிடாயிலோ சினைமுட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழிந்து, கரு தங்காத நிலையில், புரொஜெஸ்டிரோன் விழுந்து, கருப்பையின் உட்சவ்வே பெயர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. நாயின் ரத்தம் பருவம் திறக்கும் நேரத்தின் அறிகுறி, மாதவிடாய் ஒரு சுற்று முடிந்ததன் அறிகுறி. நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம்.

இந்த வரையறைப்படி மாதவிடாய் உள்ள பாலூட்டி இனங்கள் நூற்றில் இரண்டுக்கும் குறைவு. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள், அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் சில, வௌவால்களில் சில, தென்னாப்பிரிக்காவில் ஆராயப்பட்ட யானை மூஞ்சூறு என்று பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கோயில் மண்டபத்தில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் நம் குல்லாய்க் குரங்குக்கு உண்டு. அதே மண்டபத்தின் இருண்ட மூலையில் எலி இருந்தால் அதற்கு இல்லை. தென்னிந்தியக் குகைகளிலும் தொங்கும் ஒருவகைப் பழந்தின்னி வௌவாலான ரூசெட்டஸ் லெஷெனால்ட்டிக்கு மனிதரைப் போன்ற சுழற்சி இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2007இல் பதிவு செய்தார்கள். குரங்கும் வௌவாலும் மூஞ்சூறும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினர் அல்ல. ஆகவே இந்தப் பண்பு ஒரே மூதாதையிடமிருந்து இறங்கி வந்ததல்ல. பரிணாமத்தில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

இவற்றுக்குள் பொதுவாக இருப்பது எது என்ற கேள்விக்கான விடை ரத்தத்தில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் இருக்கிறது. கருவை ஏற்கக் கருப்பையின் உட்சவ்வு தன்னையே மாற்றிக்கொள்ள வேண்டும்: நூல்போல் மெலிந்திருந்த செல்கள் உருண்டு பருக்கும், சத்தைச் சேமிக்கும், நோய் எதிர்ப்புச் செல்களை அழைத்துவரும், ரத்தக் குழாய்கள் சுருண்டு வளரும். எலியிடம் இந்த மாற்றம் தொடங்கக் கரு வந்து சவ்வைத் தொட வேண்டும். லியோ லோப் 1907இல் கினிப்பன்றியின் கருப்பையில் ஒரு கீறல் போட்டே, கரு எதுவும் இல்லாமல், அந்த மாற்றத்தைத் தூண்டிக் காட்டினார். தொடுகை ஒன்றுதான் தேவை, தொட்டது கருவா ஊசியா என்பது அந்தச் சவ்வுக்குத் தெரியாது. மனிதருக்குத் தொடுகையே வேண்டாம். புரொஜெஸ்டிரோன் ஏறினால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் சவ்வு தானாக மாறிவிடுகிறது. எலியின் கருப்பை விருந்தாளி வாசல்படி ஏறிய பிறகே உலை வைக்கிறது. மனிதக் கருப்பையோ வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே மாதந்தோறும் இலை போட்டு வைக்கிறது. அப்படி மாறிய சவ்வு பின்னோக்கித் திரும்ப முடியாது. யாரும் வரவில்லையென்றால் உதிர்வதுதான் அதற்கு மிச்சமிருக்கும் வழி.

விருந்து என்ற உவமை பாதி தூரத்துக்குமேல் வராது. மனிதக் கரு கருப்பைச் சுவரின் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சவ்வைத் துளைத்து உள்ளே புதைந்து, தாயின் ரத்தக் குழாய்களைத் திறந்து, அந்த ரத்தத்தில் நேரடியாக நனையும் நஞ்சுக்கொடியை உருவாக்குகிறது. பாலூட்டிகளில் மிக ஆழமாக ஊடுருவும் நஞ்சுக்கொடிகளில் இது ஒன்று. அந்த ஊடுருவலுக்கு எல்லை போடுவது உருமாறிய சவ்வுதான். அது இல்லாத இடத்தில் கரு தங்கினால் என்ன ஆகும் என்பதை மகப்பேறு மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்: கருக்குழாயில் தங்கிய கரு குழாயைப் பிளக்கிறது, பழைய சிசேரியன் தழும்பின்மேல் படியும் நஞ்சுக்கொடி தசைக்குள் வேர்விட்டு, பிரசவத்துக்குப் பின் பிரிய மறுத்து, உயிரைக் கேட்கும் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடுகிறது. 2019–21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இந்தச் சவ்வின் இயல்பு நமக்குப் புத்தக விஷயம் மட்டும் அல்ல.

மாதவிடாய் எதற்காக வந்தது என்பதற்குக் கடந்த சில பத்தாண்டுகளில் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. விந்தணுவோடு வரும் கிருமிகளைக் கழுவி வெளியேற்றத்தான் என்று மார்ஜி ப்ரோஃபெட் 1993இல் வாதிட்டார். உதிரப்போக்கின்போது கிருமிகள் குறைவதாகச் சான்று இல்லை என்பதால் அந்த வாதம் நிற்கவில்லை. சவ்வைத் தயார்நிலையில் வைத்துப் பராமரிப்பதைவிட உதிர்த்துவிட்டு மறுபடி வளர்ப்பது உடலுக்குச் சிக்கனம் என்றார் பெவர்லி ஸ்ட்ராஸ்மன், 1996இல். உதிர்வதற்கென்று ஒரு நோக்கமே இல்லை, சவ்வு முன்கூட்டியே மாறிக்கொள்வதன் பக்கவிளைவுதான் அது என்பது கொலின் ஃபின்னின் கருத்து. 2012இல் டீனா எமெராவும் குந்தர் வாக்னரும் அவர்களுடைய சகாவும் அதைப் பரிணாமக் கோணத்தில் விரித்தெழுதினார்கள். எனக்கு இந்த மூன்றாவதே ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது. எலியின் கருப்பை கருவின் சொல்லைக் கேட்டு இயங்குகிறது; மனிதக் கருப்பை கருவுக்கு முன்பே தன் நிலையை எடுத்துக்கொள்கிறது. மனிதக் கருக்களில் குரோமோசோம் குறைபாடுள்ளவை ஏராளம் என்பதால், உருமாறிய சவ்வு வரும் கருவின் தரத்தைச் சோதித்துப் பார்க்கிறது என்று யான் பிராசன்ஸ் முதலியோர் கூறிவருவதும் இதோடு பொருந்துகிறது.

ஸ்ட்ராஸ்மன் இன்னொன்றும் செய்தார். மாலி நாட்டின் டோகன் மக்களிடையே தங்கிக் கணக்கெடுத்து, அடுத்தடுத்த கர்ப்பமும் நீண்ட தாய்ப்பாலூட்டலும் உள்ள அந்தப் பெண்களுக்கு வாழ்நாளில் நூற்றுச் சொச்சம் மாதவிடாய்களே வருவதைக் காட்டினார். நகரத்துப் பெண் ஒருவருக்கு அது நானூறை எட்டுகிறது. ஒருமுறைக்கு 80 மில்லிலிட்டருக்குமேல் ரத்தம் போனால் மிகை என்பது மருத்துவ அளவுகோல். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ள நாட்டில், அதன் பல காரணங்களில் இது ஒன்றாக எண்ணப்பட வேண்டும்.

உதிரம் எப்படிப் போகிறது என்பதை உயிருள்ள உடலில் கண்ணால் பார்த்தவர் ஜோசஃப் மார்க்கீ. பார்த்த இடம் வியப்பானது. பெண் ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணுக்குள், கருவிழிப் படலத்துக்குப் பின்னால் உள்ள நீரறையில் பதித்தார். அவை அங்கே வேர்பிடித்தன. கண்ணின் ஒளிபுகும் படலம் சன்னலாயிற்று. மாதம் முழுதும் நுண்ணோக்கியை வைத்துப் பார்த்து 1940இல் அவர் எழுதியது இதுதான்: ஹார்மோன் இறங்கியதும் துணுக்கு சுருங்குகிறது, சுருள் குழாய்கள் இறுகுகின்றன, துணுக்கு வெளுக்கிறது, சில மணி நேரம் கழித்து ஒரு குழாய் தளர, அந்த இடத்தில் ரத்தம் பொட்டாகப் பூக்கிறது, பிறகு அடுத்தது, அடுத்தது. கருப்பையில் மாதவிடாய் வரும் அதே நாளில் அந்தக் கண்ணிலும் வந்தது. இன்று அந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது. ஆனால் பாடநூல்களில் உள்ள விவரிப்பின் அடித்தளம் இன்னமும் அந்தக் கண்தான். வலியின் காரணம் பின்னர் தெரியவந்தது. மாதவிடாய்த் திரவத்தில் தசையைச் சுருக்கும் பொருள் இருப்பதை வி. ஆர். பிக்கிள்ஸ் 1957இல் அறிவித்தார். அது புரோஸ்டாகிளாண்டின். மருந்துக் கடையில் வயிற்றுவலிக்கு வாங்கும் மெஃபெனமிக் அமில மாத்திரை அதன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது.

குரங்கு என்றால் இந்தியா இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. முயல் கருவை ஒரு தாயிலிருந்து இன்னொரு தாய்க்கு மாற்றி 1890இல் பேர்பெற்ற வால்ட்டர் ஹீப், அடுத்துக் குரங்குகளைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். அனுமன் மந்தியின் மாதவிடாய் பற்றி அவர் 1894இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. அதன் பிறகு அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்தே கப்பல் கப்பலாகப் போயின. அவற்றை அணுக்கதிர்வீச்சு ராணுவச் சோதனைகளில் பயன்படுத்தியது தெரிந்ததும் இந்திய அரசு 1978இல் ஏற்றுமதியை நிறுத்தியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். மௌத்கல் குழுவினர் குல்லாய்க் குரங்குகளைக் கொண்டு இனப்பெருக்க ஹார்மோன்களை ஆராய்ந்துவந்தார்கள். வெளிநாட்டுக் கூடங்களிலோ குரங்கின் விலை ஏறியது, எண்ணிக்கை குறைந்தது, நெறிமுறைக் கேள்விகள் கூடின. இடம் எலிக்கே போயிற்று.

எலியால் ஈடுகட்ட முடியாத இழப்பு எதுவென்றால் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் வயிற்றுச் சவ்விலும் குடலின் மேலும் வளர்ந்து, மாதந்தோறும் வீங்கி, வலியையும் பலருக்குக் குழந்தையின்மையையும் தரும் நோய் இது. உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, அதாவது இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உதிரம் கீழே மட்டும் போவதில்லை, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள்ளும் சிந்துகிறது, அதில் மிதக்கும் சவ்வுத் துணுக்குகள் அங்கே ஒட்டி முளைக்கின்றன என்று ஜான் சாம்ப்ஸன் 1927இல் கூறிய விளக்கமே இன்றும் முதன்மையானது. ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. கருக்குழாய் அடைபடாத பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படிப் பின்னோக்கிச் சிந்துகிறது என்று 1984இல் தெரிந்தது. ஏறத்தாழ எல்லோருக்கும் சிந்துகிறது, பத்தில் ஒருவருக்குத்தான் முளைக்கிறது. மிச்சமுள்ளோரின் உடல் அந்தத் துணுக்குகளை எப்படித் துடைத்தெடுக்கிறது?

இந்தக் கேள்வியைச் சுண்டெலியிடம் கேட்பது வீண். அதற்கு உதிரமும் இல்லை, பின்னோக்கிச் சிந்தலும் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஓர் எலியின் கருப்பையை வெட்டித் துண்டாக்கி இன்னொன்றின் வயிற்றுக்குள் தைத்தோ ஊசியால் செலுத்தியோ நோயைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். ஒட்டிய துண்டு எப்படி வளர்கிறது என்று அதில் பார்க்கலாம். எப்படி ஒட்டியது என்ற கேள்விக்கு, தைத்த கை விடையாகிவிடுகிறது. குரங்கு அப்படியல்ல. கதிர்வீச்சுக்கு உள்ளாக்கப்பட்ட பெண் ரீசஸ் குரங்குகளைப் பல ஆண்டுகள் கண்காணித்த அமெரிக்க விமானப்படை ஆய்வு ஒன்று 1991இல் வெளிவந்தது. அவற்றில் 53 சதவீதத்துக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. கதிர்வீச்சே படாத குரங்குகளிலும் 26 சதவீதத்துக்கு இருந்தது என்பதுதான் என் கண்ணில் பட்டது. கர்ப்பமின்றிச் சுழற்சி மட்டும் தொடரும் கூண்டு வாழ்க்கையில், யாரும் எதையும் தைக்காமலே அந்த நோய் தானாக வந்திருக்கிறது.

எலியை வளைக்கும் முயற்சிகளும் நடந்தன. கொலின் ஃபின்னும் போப் என்ற ஆய்வாளரும் 1984இல், சினைப்பை நீக்கிய சுண்டெலிக்கு ஹார்மோன்களைக் கணக்காகக் கொடுத்து, கருப்பைக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சவ்வை உருமாற்றி, பிறகு ஹார்மோனை நிறுத்தி, உதிரம்போன்ற ஒன்றை வரவழைத்தார்கள். சவ்வு எப்படி உடைகிறது, எப்படி ஆறுகிறது என்பதில் இந்த முறை நிறையக் கற்றுத்தந்தது. ஆனாலும் அது ஒருமுறை அரங்கேறும் நாடகம், சுழற்சி அல்ல.

மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் நாடியா பெல்லோஃபியோரே கையாண்டது வேறொரு எலி. வட ஆப்பிரிக்காவின், மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழும் கெய்ரோ முள்ளெலியை (முதுகில் முள்போன்ற முடியுள்ள எலி இது, நம் ஊர் முள்ளெலி வேறு) அங்கே ஏற்கெனவே கர்ப்பகால ஆய்வுகளுக்காக வளர்த்துவந்தார்கள். அதன் இனப்பெருக்கச் சுழற்சியைக் குறித்துவைக்க நாள்தோறும் உப்புநீரால் யோனியைக் கழுவி எடுத்துத் தகட்டில் தடவினார்கள். பாப்பனிக்கலாவின் அதே முறைதான். இம்முறை தகட்டில் ரத்தம் இருந்தது. கழுவும் கருவி பட்டுக் காயமோ என்ற ஐயத்தை விலக்க வேண்டியிருந்தது. திசுவை வெட்டிப் பார்த்தபோது சவ்வு உண்மையிலேயே பெயர்ந்திருந்தது, சுருள் குழாய்களும் இருந்தன. சுழற்சி சுமார் 9 நாள், அதில் உதிரம் ஏறத்தாழ 3 நாள். 2016இல் முன்வரைவாகவும் 2017இல் ஆய்விதழிலும் வெளிவந்த இந்த முடிவுக்கு முன், கொறிக்கும் விலங்குகளில் எதற்கும் மாதவிடாய் இல்லை என்பது பாடநூல் வாக்கியம். முள்ளெலி ஆய்வுக்கூடங்களுக்குப் புதிதல்ல. யாரும் தொடர்ந்து தகட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இந்த விலங்கில் வேறொரு விநோதமும் உண்டு. பிடித்தால் அதன் முதுகுத்தோல் எளிதில் கிழிந்துவிடும். கிழிந்த இடம் தழும்பே இல்லாமல், முடியோடும் சுரப்பிகளோடும் மறுபடி வளர்ந்துவிடும். வயதுவந்த மனித உடலில் மாதந்தோறும் தழும்பில்லாமல் ஆறும் இடம் கருப்பையின் உட்சவ்வு. இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்பது கேட்கத் தக்க கேள்வி. ஆனால் முள்ளெலியை எல்லாவற்றுக்கும் மாற்றாகக் கொள்வதும் தவறு. 9 நாள் சுழற்சியில் நடப்பதை 28 நாள் சுழற்சிக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. சுண்டெலிக்கு நூறாண்டாகச் சேர்ந்துள்ள மரபணுக் கருவிகளும் சோதனைப் பொருள்களும் இதற்கு இன்னும் பெரிதும் இல்லை.

விலங்கைவிட்டு விலகும் பாதையும் திறந்திருக்கிறது. 2017இல் கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் இரண்டு குழுக்கள், பெண்களின் கருப்பைச் சவ்விலிருந்து எடுத்த செல்களைக் கூழ்மத்தில் வளர்த்து, சவ்வின் சுரப்பிகளைப் போலவே நடந்துகொள்ளும் சிறு உருண்டைகளை உருவாக்கின. ஆர்கனாய்டு எனப்படும் இவை ஈஸ்ட்ரோஜனுக்கும் புரொஜெஸ்டிரோனுக்கும் முறையாகப் பதில் தருகின்றன. முதலில் இதற்குக் கருப்பைக்குள் குழாய் விட்டுத் திசு எடுக்க வேண்டியிருந்தது. 2021இல் கேம்பிரிட்ஜ் குழு, மாதவிடாய்த் திரவத்தில் உதிர்ந்து வரும் துணுக்குகளிலிருந்தே அவற்றை வளர்க்கலாம் என்று காட்டியது. ஒரு பெண் தன் வீட்டில் சிலிக்கோன் கிண்ணத்தில் சேகரித்துக் கொடுப்பது போதும். அந்த உருண்டைகளில் சுரப்பிச் செல்கள் மட்டுமே இருக்கின்றன. மார்க்கீ குரங்கின் கண்ணில் பார்த்த சுருள் குழாய்கள் அவற்றில் இல்லை. ஊட்டக் கரைசலிலிருந்து புரொஜெஸ்டிரோனை நீக்கினால் அவை மாறத்தான் செய்கின்றன. ரத்தம் மட்டும் வருவதில்லை.